அப்பாயி வீட்டில் 38 நாள்

இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேர் மூணாம் வருஷ லீவுல இன்டர்ன்ஷிப் போயிருப்பீங்க. மீதிப் பேர் போனதா லிங்க்டுஇன்ல போட்டிருப்பீங்க. நான் ரெண்டுக்கும் நடுவுல. பெங்களூர்ல ஒரு சின்ன கம்பெனி, சம்பளம் கிடையாது, வீட்டிலிருந்தே வேலை. எந்த வீடுன்னு அவங்க கேக்கல. 2025 மே 24ஆம் தேதி நான் போய் இறங்கின வீடு, திருவையாற்றிலிருந்து அஞ்சு கிலோமீட்டர் தள்ளி, காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவுல ஒரு கிராமத்துல இருக்கிற எங்க அப்பாயி வீடு.

கோடை லீவைக் கிராமத்துல கழிக்கிறது நல்லதா கெட்டதான்னு எழுதச் சொல்லிக் கேட்டிருந்தாங்க. ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் ரசிக்கிறதுக்காகப் போகல. அப்பா ஒரு வேலை கொடுத்து அனுப்பினார். தாத்தா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அப்பாயிக்கு 74 வயசு, சுகர் இருக்கு, தனியா இருக்கு. (எங்க பக்கம் அப்பாயியை 'அது'ன்னுதான் சொல்லுவோம். மரியாதைக் குறைவு இல்ல, பாசம்.) அதைப் பேசிச் சம்மதிக்க வெச்சு மெட்ராஸுக்குக் கூட்டிட்டு வரணும். 'நான் சொன்னா கேக்காது, பேரன் சொன்னா கேக்கும்'னு அப்பா கணக்கு போட்டிருந்தார்.

முதல் பத்து நாள் நரகம். இதை மறைக்கிற கட்டுரைகளை நம்பாதீங்க. கத்திரி முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. காவிரின்னு நான் நினைச்சுட்டுப் போனது வெறும் மணல், நடுவுல நாணல், அங்கங்க மாடு. ஜனவரி 28ஆம் தேதி மேட்டூரை மூடினா ஜூன் 12 வரைக்கும் ஆறு இப்படித்தான்னு எனக்கு 21 வயசுலதான் தெரியும். சித்திரையில நடக்கிற ஏழூர் பல்லக்குத் திருவிழாவும் நான் போறதுக்குள்ள முடிஞ்சிருந்தது. வீட்டுக்குள்ள சிக்னல் வராது. மொட்டை மாடியில தண்ணித் தொட்டி நிழல்ல நின்னா ரெண்டு கட்டை வரும். காலை பத்து மணி மீட்டிங்குக்கு நான் குடை பிடிச்சுட்டு நின்னேன்.

அதுவும் தாங்காம தினமும் டவுன் பஸ்ல திருவையாறு போக ஆரம்பிச்சேன். புஷ்ய மண்டபப் படித்துறையில உக்காந்தா சிக்னல் பிரமாதம். கொஞ்ச தூரத்துலதான் தியாகராஜர் சமாதி. ஜனவரியில ஆராதனைக்கு உக்கார இடம் கிடைக்காத ஊரு, ஜூன்ல நானும் நாலு ஆடும்தான். மீட்டிங் நடுவுல யாரோ பாடுற சத்தம் கேட்டு டீம் லீட் 'எங்க இருக்கீங்க'ன்னார். கோயில்ல இருக்கேன்னு சொல்லி வெச்சேன். திரும்பும்போது அப்பாயிக்குத் தெரியாம அசோகா வாங்கித் தின்னுடுவேன். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் நெய்யும் சேர்த்துக் கிண்டுறது. அது இந்த ஊர்ல சாப்பிட்டாத்தான் அசோகா. மத்த இடத்துல எல்லாம் கேசரியோட சித்தப்பா பையன்.

நான் ஈ.இ.இ. ஸ்டார் டெல்டா ஸ்டார்டர் பத்தி 13 மார்க் கேள்விக்கு நாலு பக்கம் எழுதினவன். ஒரு நாள் பம்புசெட் ஓடல. 10 எச்.பி. மோட்டார், நான் பாத்துக்கறேன்னு சித்தப்பாகிட்ட சவால் விட்டுட்டுப் போய், டெஸ்டரை வெச்சு ஒவ்வொரு ஃபேஸா பாத்து, ரிலே கோளாறுன்னு தீர்ப்பு சொல்லிட்டேன். சித்தப்பா பெட்டியைத் திறந்து, கான்டாக்டருக்குள்ள செத்துக் கிடந்த எறும்புக் கூட்டத்தை ஊதித் தள்ளி, உப்புத்தாள் வெச்சு நாலு தேய் தேய்ச்சார். மோட்டார் ஓடிச்சு. அவர் எட்டாவது வரைக்கும் படிச்சவர். 'எறும்பு பத்தி புக்குல போடலியா தம்பி'ன்னு மட்டும் கேட்டார்.

அப்பாயிக்கு இருக்கிறது மூணு மா நிலம். மான்னா என்னன்னு கேட்டதுக்கு நூறு குழின்னுச்சு. குழின்னா என்னன்னு கேட்டதுக்குத் திட்டுச்சு. அப்புறம் நானே கணக்கு போட்டேன், மூணு மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். இருபது மா ஒரு வேலி. நம்ம சர்வேயிங் லேபை விட இந்தக் கணக்கு மேல்.

இப்போ நான் சொல்லத் தயங்கின ஒரு விஷயம். தஞ்சாவூர்ல இருந்து என் கிளாஸ்மேட் ஒருத்தன் பாக்க வந்தான். டீக்கடையில ஒரு பெரியவர் அவன்கிட்ட 'தம்பி எந்த ஊரு'ன்னார். சொன்னான். 'எந்தத் தெரு'ன்னார். அவன் முகம் மாறிச்சு, டீயைப் பாதியில வெச்சுட்டுக் கிளம்பலாம்னான். தெருப் பேர் கேட்டா என்ன கேக்குறாங்கன்னு பஸ் ஸ்டாண்ட் போற வழியில அவன் சொல்லித்தான் எனக்குப் புரிஞ்சது. என்னை அந்தக் கேள்வி யாரும் கேக்கல. யார் வீட்டுப் பேரன்னு ஊருக்கே தெரியும். அந்தச் சௌகரியத்துலதான் நான் 38 நாளும் இருந்திருக்கேன். அதே மாதிரி சித்தப்பா பொண்ணு, பிளஸ் டூ படிக்கிறா, ஆறு மணிக்கு மேல ஆத்துப் பக்கம் போகக் கூடாது. நான் ராத்திரி பத்து மணிக்கு மணல்ல படுத்து நட்சத்திரம் பாத்த கதையைச் சொன்னப்ப, 'ஒனக்கென்ன, நீ பாப்பே'ன்னா. இந்தக் கட்டுரையை அவ எழுதியிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்.

ஜூன் 9ஆம் தேதி ராத்திரி. ஒன்றரை மணி இருக்கும், ஏதோ முனகல் கேட்டு எழுந்தேன். அப்பாயி உடம்பெல்லாம் வேர்த்து, சேலை தொப்பலா நனைஞ்சு கிடக்கு. கூப்பிட்டா என்னை அப்பா பேர் சொல்லுது, கை நடுங்குது. எனக்கு ஒண்ணும் தோணல. போனை எடுத்துட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன், சிக்னலுக்கு. அங்க நின்னு நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டு அக்கா கொல்லைப்புறமா ஓடி வந்தாங்க. தொட்டுப் பாத்தாங்க. 'மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பிடாம படுத்துருக்கு, சீனி எங்க'ன்னாங்க. எனக்கு அந்த வீட்டுல சீனி டப்பா எங்க இருக்குன்னு தெரியாது. பதினேழு நாளா டீ குடிச்சுட்டு இருக்கேன். அவங்களே தேடி எடுத்து, கரைச்சு, வாய்ல கொஞ்சம் கொஞ்சமா விட்டாங்க. பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல அப்பாயி என்னைப் பாத்து 'ஏன்டா முழிச்சிருக்கே'ன்னுச்சு.

காலையில திருவையாறு கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டினோம். மாத்திரை அளவைக் குறைச்சார். விஷயம் அவ்வளவுதான். ஆனா எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல. குரோம்பேட்டையில எங்க ஃபிளாட்ல எதிர் வீட்டுக்காரங்க பேர் எனக்குத் தெரியாது, இங்க கத்தினா ஆள் வருதுன்னு முதல்ல பெருமையா இருந்தது. மறுநாள் சாயங்காலம் எங்க தெருவை எண்ணினேன். பதினோரு வீடு. நாலு பூட்டியிருக்கு. திருப்பூர், சிங்கப்பூர், துபாய், மெட்ராஸ். ராத்திரி தங்குற ஆளுங்கள்ல ஓடி வரக்கூடிய வயசுல இருக்கிறது அந்த அக்கா மட்டும்தான். அவங்க பையனும் அடுத்த வருஷம் காலேஜுக்குக் கோயம்புத்தூர் போறான், கூடவே அவங்களும் போகலாம். அப்பா சொல்றதுல தப்பே இல்லன்னு அன்னிக்குத்தான் பட்டுச்சு.

ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தாங்க. முந்தின வருஷம் அணையில தண்ணி இல்லாம அந்தத் தேதி தவறி, ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தாங்க. அந்த வருஷம் போர் வெச்சிருந்தவங்கதான் நேரத்துக்குக் குறுவை போட்டாங்க. மேட்டூர்த் தண்ணி கல்லணைக்கு வர மூணு நாள் ஆகும். 15ஆம் தேதி கல்லணை திறந்தாச்சுன்னு டீக்கடையில டி.வி.யில காட்டினாங்க. 17 காலையில சித்தப்பா என்னை எழுப்பி ஆத்துக்கு இழுத்துட்டுப் போனார்.

ஆத்துல தண்ணி வர்றதை நீங்க பாத்திருக்கீங்களா? சினிமாவுல மாதிரி பாஞ்சு வரல. தரையில கொட்டின காபி பரவுற மாதிரி, சருகையும் நுரையையும் தள்ளிக்கிட்டு, பள்ளத்தை நிரப்பிட்டு நின்னு, அப்புறம் அடுத்த பள்ளம். நான் நடக்கிற வேகம்கூட இல்ல. அதுக்கு முன்னாடி நடந்து போனேன், செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு. சின்னப் பசங்க அதுகூடவே ஓடினாங்க. ஒரு ஆத்தா மஞ்சளும் பூவும் போட்டுக் கும்பிட்டுச்சு. நான் வீடியோ எடுத்தேன், ஏழு நிமிஷம். இன்ஸ்டாவுல போட்டதுக்கு 41 லைக். பரவாயில்ல.

அதுக்கப்புறம் ஊரே மாறிடுச்சு. நாத்தங்கால், உழவு, டிராக்டர் சத்தம். எங்க மூணு மாவுல 110 நாள் ரகம் ஒண்ணு. நடவுக்கு வந்தவங்க மேற்கு வங்காளத்துக்காரங்க. அவங்ககிட்ட எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஹிந்தியில பேசி, வரப்புக்கும் அப்பாயிக்கும் நடுவுல மொழிபெயர்ப்பாளரா இருந்தேன். 38 நாள்ல நான் உருப்படியா செஞ்ச ஒரே வேலை அதுதான். அப்பாயி வரப்புல குடை பிடிச்சு உக்காந்துக்கிட்டு, நாத்து முடி எங்க அதிகம் எங்க குறைவுன்னு சொல்லிட்டே இருந்துச்சு. ராத்திரி வேர்த்துக் கிடந்த ஆள் மாதிரியே இல்ல.

கிளம்புறதுக்கு முதல் நாள் ராத்திரி அதுவா கேட்டுச்சு. 'ஒங்கப்பன் என்ன சொல்லி அனுப்புனான்?'

சொல்லிட்டேன். மெட்ராஸ், நிலத்தைக் குத்தகைக்கு விடறது, எல்லாத்தையும். 9ஆம் தேதி எனக்கு எவ்வளவு பயமா இருந்ததுன்னும் சொன்னேன். ஊர் நல்லாத்தான் இருக்கு, ஆனா அக்கா இல்லாத ராத்திரி என்ன பண்ணுவேன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்ல. வெத்தலையை மடிச்சு வாய்ல போட்டுக்கிட்டு, 'குறுவை அறுக்கட்டும், பாப்போம்'னுச்சு.

இதை அப்படியே அப்பாகிட்ட போன்ல சொன்னேன். அவர் சிரிச்சார். 'குறுவை அறுத்தா தாளடி வரும்டா'ன்னார். அவருக்குக் கோவமா வருத்தமான்னு கண்டுபிடிக்க முடியல.

நீங்க போகலாமான்னு கேட்டா, போங்க. ஆனா பத்து நாளைக்குள்ள திரும்புற மாதிரி டிக்கெட் போடாதீங்க, வெறும் எரிச்சல்தான் மிஞ்சும். போனதும் சீனி டப்பா எங்க இருக்குன்னு கேட்டு வெச்சுக்கங்க.

இன்டர்ன்ஷிப் சர்ட்டிபிகேட் வந்துடுச்சு, என் பேரைத் தப்பா போட்டு. இப்ப ராத்திரி எட்டரைக்கு என் போன்ல அலாரம் அடிக்கும். ஹாஸ்டல்ல எல்லாரும் லவ்வர்னு நினைக்கிறாங்க. அப்பாயிக்குப் போன் போட்டு 'சாப்டியா'ன்னு கேப்பேன். 'சாப்டேன்'னு சொல்லும். என்ன சாப்ட்டேன்னு ரெண்டாவது கேள்வி கேட்டாத்தான் உண்மை வரும்.