வாப்பாவின் ஃபியட்

எங்கள் வாப்பா 1985இல் பழைய வண்டியாக வாங்கியது பிரீமியர் பத்மினி. அந்தப் பெயர் 1974 முதலே வழக்கில் இருந்தாலும், காயல்பட்டினத்தில் நாங்கள் அறிந்த எவரும் அதை அப்படி அழைத்ததில்லை, அது ஃபியட்தான். 1089 சி.சி. இஞ்சின், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர், முன்புறம் பெஞ்சு போல ஒரே நீள இருக்கை. அவ்விருக்கையின் தயவால் ஒரு பெருநாளன்று ஒன்பது பேர் ஏறினோம். மடியில் இருந்த பிள்ளைகளை இக்கணக்கில் சேர்க்கவில்லை.

ஊருக்கு ஒருபுறம் கடல். ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளங்கள். உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் நிறுத்திவைக்கும். வெளியே பளபளவென்று துடைத்து என்ன பயன்? துரு கதவின் அடிமடிப்பிலும், சக்கரத்திற்கு மேலுள்ள வளைவின் உட்புறத்திலும், கால்விரிப்பின் அடியிலும் ஒளிந்து வளர்ந்தது. கடற்கரையிலிருந்து ஈரக்காலுடன் ஏறிய நாங்களும் அதற்குத் துணைபோனோம். அவ்வண்டிக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. தகர உடலே தாங்கும் எலும்பு. ஆகவே தரை அரிப்பது சிறிய சங்கதியன்று. எங்களுக்கோ பின்னிருக்கையின் கீழே விழுந்த ஓட்டை பெரும் வேடிக்கை. அதன் வழியே சாலை ஓடுவதைப் பார்ப்பதற்காகச் சண்டையிட்டோம். லாத்தாவின் நாலணா ஒன்று அதில் விழுந்து போனது.

ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் வாப்பா உப்புத்தாள் கொண்டு தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அடிப்பகுதியில் பழைய இஞ்சின் ஆயிலைப் பூசுவார்கள். ஒரு வாரம் வீடே மணக்கும். உம்மா மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

1996இல் மூத்த காக்காவின் சவூதிப் பயணத்திற்குப் பணம் வேண்டியிருந்தது. வண்டியை விற்க முடிவாயிற்று.

"தகரம் வச்சு, பட்டி பாத்து, மேல புது மேட் போட்டிருங்க மொதலாளி. யாரு தூக்கிப் பாக்கப் போறா?" என்றார் தரகர்.

வாப்பா பதில் பேசவில்லை. மேட் மட்டும் வந்தது, தரகரே விரித்தார். திருநெல்வேலியிலிருந்து வந்தவர் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்து, அச்சாரப் பணத்தைக் கையில் எடுத்தார். அவர் குனிந்துவிடக் கூடாதே என்று நாங்கள் உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தோம் என்பதை இப்போது மறைப்பானேன்? வாப்பாதான் கதவைத் திறந்து மேட்டைத் தூக்கினார்கள்.

"தம்பி, வாங்குறதுக்கு முந்தி இதையும் பாத்துக்கிடுங்க."

பணம் பைக்குத் திரும்பியது. தரகர் எங்கள் வாசல் பக்கம் பிறகு வரவேயில்லை. உம்மா இரண்டு நாள் வாப்பாவிடம் சரியாகப் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு டிங்கர் தரையை நன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறத்தாழ பாதி விலைக்கு ஓட்டிச் சென்றார். காக்கா மறுவருடம்தான் பயணப்பட்டார். வண்டி நின்ற சிமெண்டுத் தரையில் செந்நிறக் கறை தங்கிவிட்டது. உம்மா எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் முழுவதும் போகவில்லை.