உறைமோர் கற்பித்த பாடம்

நுண்ணுயிரியலில் நற்புள்ளிகள் பெற்ற செருக்குடன் கோடை விடுமுறைக்கு ஊர் சென்ற யாம், இரண்டாட்டைக் குழவி ஒருவன் பொருட்டு அச்செருக்கு முழுவதையும் இழந்து மீண்டோம். அவ்வரலாறு எமக்குப் பெருமை தருவதன்று. எனினும், இன்று குழந்தைகளுள்ள வீடுகள் பலவற்றில் புரோபயாட்டிக் என்னும் சொல் வழங்கிவருதலின், எம் பிழை பிறர்க்கேனும் பயன்படுக எனக் கருதி இதனை வரையத் துணிந்தோம்.

எம் தமக்கையாரின் மைந்தனுக்குக் காதில் சீழ் கோத்துக் காய்ச்சல் கண்டது. மருத்துவர் ஆன்டிபயாட்டிக் என்னும் கிருமிக்கொல்லி மருந்தை ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது. நான்காம் நாள் வயிறு இளகத் தொடங்கியது. தமக்கையார் கலங்கினார். யாமோ சிறிதும் கலங்கினோமல்லேம். "அக்கா, அஞ்ச வேண்டா. மருந்து தீய கிருமிகளோடு குடலிலுள்ள நல்லனவற்றையும் மாய்த்துவிட்டது. நல்லனவற்றை மீளக் குடியேற்றினால் எல்லாம் சீர்ப்படும்" என்று விரிவுரை நிகழ்த்தி, கடைக்கு ஓடி, புரோபயாட்டிக் பொடி அடங்கிய சிறு பொட்டலங்கள் ஐந்து வாங்கி வந்தோம். அவற்றின்மேல் அச்சிட்டிருந்ததைப் படித்தோமல்லேம். படிக்க வேண்டிய யாவற்றையும் கல்லூரியிலேயே படித்து முடித்துவிட்டோம் என்பது எம் எண்ணம்.

அடுப்பினின்று அப்பொழுதுதான் இறக்கிய பாலில் பொடியைக் கொட்டிக் கலக்கினோம். அருகிருந்த பாட்டியார், "அது என்ன பொடி?" என்றார்.

"தயிரில் உள்ளவற்றைப் போன்ற நுண்ணுயிர்கள், பாட்டி. உயிருள்ள பொடி."

"உயிருள்ளதாயின் ஆவி பறக்கும் பாலில் போடுகிறாயே! உறைமோரைக் கொதிபாலில் விடுவார் உண்டோ?"

எழுத்தறியாத கிழவியாரின் சொல் எமக்கு நகைப்பையே விளைத்தது. பாலை ஆற்றிக் குழவிக்குப் புகட்டினோம். அன்று பகலெல்லாம் கழிச்சல் நின்றபாடில்லை. குழவி தண்ணீர் கேட்டழுத போதெல்லாம், மிகுதியாய்க் குடித்தால் வயிறு இன்னும் போகும் என்று அஞ்சி, ஓரிரு மிடறே கொடுத்தோம். பொடி வேலை செய்யும் என்று காத்திருந்தோம். மாலையில் அவன் கண்கள் குழிவிழுந்தன. அழுதான், கண்ணீர் வரவில்லை. நண்பகல் முதல் சிறுநீர் கழிக்கவுமில்லை. இருட்டியதும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தோம். வழியெல்லாம் தமக்கையார் எம்மோடு ஒரு சொல்லும் பேசவில்லை.

அங்கிருந்த பெண் மருத்துவர் குழவியின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். அது மெல்லவே மீண்டது. "உப்புச் சர்க்கரைக் கரைசல் எத்தனை முறை கொடுத்தீர்கள்?" என்று வினவினார். யாம் பொடியின் பெயரைச் சொன்னோம். அவர் எம்மைக் கடியவில்லை. கரைசல் நிரம்பிய கிண்ணத்தையும் ஒரு கரண்டியையும் தமக்கையாரின் கையில் கொடுத்து, "சிறிது சிறிதாகப் புகட்டுங்கள், வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள்" என்றார். நான்கு மணி நேரம் கரண்டி ஓயவில்லை. நள்ளிரவு கடந்தபின் குழவி தமக்கையாரின் சேலையை நனைத்தான். ஈரச் சேலையைக் கண்டு மகிழ்ந்தார் எவரையும் யாம் அதற்குமுன் கண்டதில்லை.

வீடு திரும்பியபின், நாணம் தூண்ட, யாம் கற்றதாக எண்ணியிருந்ததை மீளக் கற்கத் தலைப்பட்டோம்.

குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நமக்கு உதவுகின்றன என்னும் கருத்துப் புதிதன்று. பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தைச் சார்ந்த ஆன்றி திசியே, தாய்ப்பாலுண்ணும் குழவிகளின் மலத்தில் பிஃபிடோபாக்டீரியம் என்னும் இனத்தைச் நூறாண்டுகட்கு முன்னரே கண்டறிந்தார். அந்நிலையத்திலேயே பணியாற்றி, 1908-ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்ற மெச்னிக்காவ், புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் முதுமையைத் தள்ளிப்போடும் என நம்பினார். 2001-இல் உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு, புரோபயாட்டிக் என்பதற்கு இலக்கணம் வகுத்தது: போதிய அளவில் கொடுக்குங்கால் உண்பார்க்கு உடல்நலம் பயக்கும் உயிருள்ள நுண்ணுயிர்களே அவை. இவ்விலக்கணத்தில் மூன்று சொற்கள் எம்மைச் சுட்டன. 'உயிருள்ள' என்பதைக் கொதிபாலில் அழித்தோம். 'போதிய அளவு' யாதென்று பார்த்தோமில்லை. 'நலம் பயக்கும்' என்பது எந்நோய்க்கு எவ்வினம் பயக்கும் என்னும் வினாவை உள்ளடக்கியது, அதனை வினவினோமில்லை.

அவ்வினாவிற்குரிய விடை நோய்தோறும் வேறுபடுகின்றது. கிருமிக்கொல்லி மருந்தினால் வரும் கழிச்சலைத் தடுப்பதில் இவற்றிற்குப் பயனுண்டு. 2019-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வில், 33 ஆய்வுகளில் கலந்துகொண்ட ஆறாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுள், புரோபயாட்டிக் பெற்றவருள் நூற்றுக்கு 8 பேர்க்கும், பெறாதாருள் 19 பேர்க்கும் கழிச்சல் கண்டது. ஆயின் இஃது மருந்தோடு உடன் தொடங்கி, வருமுன் காத்தற்குரிய முறை. யாமோ வந்தபின் ஓடினோம். அன்றியும், சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்னும் ஈஸ்ட்டினத்தை அம்மருந்து கொல்லாது. பாக்டீரியா இனங்களாயின் மருந்துக்கும் அவற்றிற்கும் சில மணி நேர இடைவெளி வேண்டும்.

தொற்றினால் வரும் வயிற்றுப்போக்கிலோ நிலை வேறு. 2018-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தனித்தனியே நிகழ்ந்த இரு பெரிய ஆய்வுகள், அவசர சிகிச்சைக்கு வந்த குழந்தைகள் முறையே 971 பேரையும் 886 பேரையும் கொண்டு நடத்தப்பட்டன. பெயர்பெற்ற லாக்டோபாசில்லஸ் வகைகளைக் கொடுத்தும் நோயின் கடுமையோ நாட்களோ குறைந்தில.

இனி, நம் நாட்டிலேயே நிகழ்ந்ததொன்றைக் கூறுதும். ஒடிசாவின் சிற்றூர்களில் பிறந்த 4,556 குழவிகளைக் கொண்டு நிகழ்த்தி, 2017-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் என்னும் ஓரினமும் அதற்கு இரையாகும் ஒருவகைச் சர்க்கரையும் பிறந்த சில நாட்களுள் தொடங்கி ஏழு நாள் ஊட்டப்பட்டன. அவை பெறாதாருள் நூற்றுக்கு 9 பேர் குருதித் தொற்றுக்கோ சாவுக்கோ ஆளாயினர், பெற்றாருள் 5.4 பேரே அங்ஙனமாயினர். வியத்தற்குரிய செய்தியே! எனினும், அக்குழவிகள் நிறைமாதத்திலோ அதனை ஒட்டியோ தக்க எடையுடன் பிறந்து தாய்ப்பாலுண்டோர் என்பதை மறத்தலாகாது. குறைமாதக் குழவிகளிடத்துப் புரோபயாட்டிக் நுண்ணுயிரே குருதியிற் புகுந்து கேடு விளைத்தல் உண்டாதலின், 2023-இல் அமெரிக்க மருந்தாட்சித் துறை மருத்துவர்க்கு எச்சரிக்கை விடுத்தது. நோய் எதிர்க்கும் ஆற்றல் மிகக் குன்றிய குழந்தைகட்கும் அவ்வச்சம் உண்டு. ஓரினம் ஒருவர்க்கு நன்மை செய்தமையால் எல்லா இனமும் எல்லார்க்கும் நன்மை செய்யும் என்பது பெறப்படாது.

எதிர்ப்பாற்றலை வளர்க்கும் என்று விளம்பரங்கள் முழங்குகின்றனவே எனின், அதில் ஒரு துளி மெய்யும் உண்டு. நம் உடற்காவலரான அணுக்களுள் பெரும்பகுதியினர் குடலைச் சூழவே பாசறை அமைத்துள்ளனர். பகைவர் யார், நட்டார் யார் என இளம்பருவத்தில் அவர்கள் பயில்வது அங்கு வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டே. ஆயின் அப்பயிற்சிக்கு முதலாசிரியர் கடையிலுள்ள பொட்டலமன்று, தாய்ப்பாலே. அதிலுள்ள சிலவகைச் சர்க்கரைகளைக் குழவியால் செரிக்க இயலாது. திசியே கண்ட பிஃபிடோபாக்டீரியங்கள் அவற்றை உண்டு தழைக்கின்றன. குழவிக்கு ஊட்டுங்கால் தாய் அதன் விருந்தினர்க்கும் உடன் ஊட்டுகின்றாள். ஆறு திங்கள் கடந்தபின் பிற உணவோடு தயிரும் சேர்க்கலாம். வீட்டுத் தயிரில் இன்ன இனம் இத்துணை என்று கணக்கிட இயலாமையின் அது மருந்தாகாது. எனினும் நல்லுணவாதற்கு ஐயமில்லை.

எம் மைந்தனைக் காத்தது யாது? நீரும் உப்பும் சர்க்கரையும். 1971-இல் வங்காள அகதிகளிடையே வாந்திபேதி பரவியகாலை, பன்காவில் மருத்துவர் திலீப் மகலநாபிஸ், ஊசி வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோகவே, இக்கரைசலைப் பீப்பாய்களில் கலந்து உறவினர் கையாலேயே ஊட்டுவித்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நான்கிற்கும் கீழே இறங்கிற்று. கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை, அதன்மேல் குறித்த அளவு நீரில் கரைத்தல் வேண்டும். அது கிட்டாதவழி, காய்ச்சி ஆற்றிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். ஆறு திங்களுக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகத்தைப் பத்து முதல் பதினான்கு நாள்வரை கொடுக்கவேண்டுமென உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2004-இலேயே அறிவுறுத்தின. பாலும் உணவும் நிறுத்தலாகாது. மலத்தில் குருதி காணினும், குழந்தை குடிக்க மறுப்பினும், சோர்ந்து துவளினும் மருத்துவரை நாடுவதில் ஒரு நொடியும் தாழ்த்தலாகாது.

விடுமுறையின் இறுதி மாலையில் பாட்டியார் பால் தோய்ப்பதை அருகமர்ந்து நோக்கினோம். காய்ச்சிய பாலைக் கைபொறுக்கும் சூட்டிற்கு ஆற்றினார், முதல்நாள் மோரில் ஒரு கரண்டி விட்டார், மூடி வைத்தார். உயிருள்ளதை உயிருள்ளதாக நடத்துதல், அளவறிந்து இடுதல், காலம் பார்த்திருத்தல் ஆகிய மூன்றும் அவர் கையில் இருந்தன. "பாட்டி, அன்று நீங்கள் சொன்னதே சரி" என்றோம்.

அவர் நகைத்து, "நானும்தான் தண்ணீர் கொடு என்று சொல்ல மறந்தேனே, அப்பா" என்றார்.

அதற்குள் தமக்கையாரின் மைந்தன் "மாமா, தண்ணி" என்று கேட்டு ஓடிவந்தான். முழுக் குவளையாகவே கொடுத்தோம்.