மலையில் எரிந்த மஞ்சள் விளக்கு

மார்கழி மாதத்து விடியற்காலையில், ஏற்காட்டை அடுத்த தலைச்சோலையில் சிநேகிதர் வீட்டு வாசலில் இரவெல்லாம் பனியில் நனைந்து நின்ற மருமகனின் காரைச் சேலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் உத்தேசத்துடன் நான் கிளப்பியபோது, எரிந்து அணைய வேண்டிய விளக்குகளெல்லாம் அணைந்த பிறகும் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் பிடிவாதமாக எரிந்துகொண்டிருந்தது. வாய் திறந்த பானைக்குள் ஆச்சரியக்குறி ஒன்றைப் போட்டு வைத்தது போன்ற அந்தச் சித்திரம், டயரைக் குறுக்கே அறுத்தால் தெரியும் உருவம் என்பதும், காற்றுக் குறைந்துவிட்டதற்கு அது அடையாளம் என்பதும், மருமகனைத் தொலைபேசியில் எழுப்பிய பிறகே எனக்குத் தெரிந்தன.

“குளிருக்கு அப்படித்தான் எரியும் மாமா. கொஞ்ச தூரம் ஓடினா தானா அணைஞ்சிடும்” என்றார் அவர்.

ஏற்காடு ஏரியை எட்டுவதற்குள் அது அணைந்தும் விட்டது. ஆனால் அணைந்தது விளக்கேயன்றி என் சந்தேகம் அன்று. புறப்பாட்டை ஒத்திவைத்துத் திரும்பினேன். மறுநாள் விடியலிலும் அது எரிந்தது. குளிருக்கும் இவ்விளக்குக்கும் உள்ள சம்பந்தம் எங்கே ஆரம்பித்தது என்று தேடத் தொடங்கினேன்.

தேடல் முதலில் என்னைப் பிரான்ஸ் தேசத்துக்கு அழைத்துச் சென்றது. அடைபட்ட காற்றின் அழுத்தம் உஷ்ணத்தோடு ஏறி உஷ்ணத்தோடு இறங்கும் என்பதைக் காது கேளாத கியோம் அமோன்தோன் என்னும் அறிஞர் 1702ஆம் ஆண்டு வாக்கிலேயே பரிசோதித்து உரைத்திருக்கிறார். அவர் கண்ட நியாயத்தைக் காரின் டயருக்குப் பொருத்தினால், ஏறத்தாழ 6 டிகிரி குளிர்ந்தால் ஒரு பவுண்டு காற்றழுத்தம் குறையும். ஆகவே மருமகன் சொன்னதில் உண்மை இருக்கவே செய்தது.

ஆனால் எவ்வளவு உண்மை? 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்தில் 30 டிகிரி வெயிலில் 32 பவுண்டு அடித்த டயர், 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் 13 டிகிரிக் குளிரில் நின்றால் இரண்டரைப் பவுண்டு இழக்கும்; அதே வேளையில், மேலே ஏற ஏற வெளிக்காற்று மெலிந்துபோவதால், கேஜ் வைத்துப் பார்க்கையில் இரண்டு பவுண்டு கூடித் தெரியும். குளிர் எடுத்துக்கொண்டதை உயரம் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிட, நிகர நஷ்டம் அரைப் பவுண்டுதான். மலையின் இந்தச் சலுகையைக் கணக்கில் கொள்ளாத கருவியானாலும் குறைவு இரண்டரைக்கு மேல் போகாது. 25 டிகிரியில் அடித்த காற்று மைனஸ் 15-க்கு இறங்கி ஆறு பவுண்டு இழக்கும் கனடாவில் நம்மவர் குளிரைக் குறை சொல்வது நியாயம். அந்தச் சமாதானத்தை நாம் சேர்வராயன் மலைக்கு இரவல் வாங்கியிருக்கிறோம்.

அப்படியானால் எவ்வளவு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னை விளக்கின் பூர்வோத்தரத்துக்குக் கொண்டு சேர்த்தது. 1986-இல் போர்ஷே 959 என்னும் காரில் ஆடம்பர அம்சமாகத் தோன்றிய இந்த ஏற்பாடு சாமானியர்களின் காருக்கு வந்தது ஒரு பெருந்துயரத்தின் வழியாக. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பூட்டிய ஃபயர்ஸ்டோன் டயர்கள், டெக்ஸாஸ், ஃபுளோரிடா, அரிஸோனா போன்ற வெப்பப் பிரதேசங்களிலேயே அதிகமாகத் தோல் உரிந்து, வண்டிகள் உருண்டு, இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அவ்வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி, இந்த எச்சரிக்கை ஏற்பாட்டைக் கோரும் சட்டம் கையெழுத்தாயிற்று. குறிப்பிட்ட அளவில் கால் பங்கு குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு 2007 செப்டம்பர் முதல் அங்கே எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று.

காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பு உஷ்ணமாக மாறி, ரப்பரின் பிணைப்பைத் தளர்த்துகிறது. குளிர்காலையில் எரிகிற விளக்கு, நடுப்பகலின் உஷ்ணத்துக்காகவே பிறந்தது என்று அறிந்தபோது, என் வியப்போடு சிறிது அச்சமும் கலந்தது. 32-இல் கால் பங்கு எட்டு. குளிரால் ஏற்றுக்கொள்ள முடிந்தது அதிகம் போனால் இரண்டரை. மிச்சத்துக்கு யார் பொறுப்பு?

மூன்றாம் நாள் விடியலில், வண்டி அசையுமுன், பஞ்சர் கடைக்காரர் ஒருவரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். மூன்று டயர்களில் கேஜ் 31 காட்டியது. பின்பக்கத்து வலது டயரில் 23. அவர் சோப்புத் தண்ணீரைக் கையால் அள்ளித் தடவிச் சக்கரத்தை மெல்ல உருட்டினார். ரப்பரின் பள்ளத்தில் பதிந்திருந்த ஒரு திருகாணியின் தலையைச் சுற்றி, கடுகளவு குமிழி ஒன்று அவசரமில்லாமல் பருத்து உடைந்தது.

“ஓட ஓட சூடு ஏறி ரெண்டு மூணு பவுண்டு கூடும், வெளக்கு அணைஞ்சிரும் சார். ஓட்டை எங்க போவும்?” என்றார், துவாரத்தில் ரப்பர் திரியைச் செருகியபடி.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அடிவாரத்து வெயிலில் வண்டியை நிறுத்தி, நான்கு டயர்களையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தேன். சூடு நான்கிலும் ஒன்றாகவே இருந்தது. சேலத்தில் சாவியோடு அந்தத் திருகாணியையும் மருமகன் கையில் வைத்தேன்.

“என்ன மாமா இது?”

“நீங்கள் சொன்ன குளிர், மாப்பிள்ளை.”