திரையில் பாதிக் கோடு, லேத்தில் முழு உருவம்

பெங்களூரிலிருந்து மைசூரு போகும் சாலையில், ராமநகரத்தைத் தாண்டியதும் வருகிறது சன்னபட்டணம். அரக்குச் சாயம் ஏற்றிய மரப்பொம்மைகளுக்குப் பேர்போன ஊர். திப்பு சுல்தான் ஆதரித்து வளர்த்த தொழில் என்பார்கள். இன்று புவிசார் குறியீடும் இதற்கு உண்டு. பெங்களூரில் பொருள் வடிவமைப்பாளராக இருக்கும் தோழி, தன் அக்கா குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை செய்துதர இங்கே வந்தாள். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஒரு லேத் பட்டறையில் உட்கார்ந்து, மடிக்கணினியில் ஃபியூஷன் 360 என்ற வடிவமைப்பு மென்பொருளைத் திறந்து காட்டினாள். கிலுகிலுப்பையின் ஒரு பக்க விளிம்பை மட்டும் வளைகோடாக வரைந்திருந்தாள். நடுவில் ஓர் அச்சுக்கோடு. கட்டளை கொடுத்ததும் அந்தப் பாதிக் கோடு அச்சைச் சுற்றி ஒரு வட்டமடித்து முழு உருவமாக நின்றது. லேத்தும் இதைத்தான் செய்கிறது. என்ன, அங்கே உளி ஓரிடத்தில் நிற்க, மரம் சுழல்கிறது. அதனாலோ என்னவோ, பட்டறைக்கார பாய்க்குப் படத்தை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. திரையில் மினுங்கிய வண்ண உருவத்தை அவர் சட்டை செய்யவில்லை. “நிஜ அளவுக்கு பிரிண்ட் கொண்டு வந்தீங்களா மேடம்?” என்றுதான் கேட்டார். அந்தத் தாளை அட்டையில் ஒட்டி, வளைவை வெட்டியெடுத்தார். கடையும்போது மரத்தோடு வைத்துப் பார்க்க அவருக்கு அது போதும்.

மரம் வெட்பாலை, வெளுப்பாக, நெருக்கமான நாரோடு இருந்தது. சுழலும் கட்டையில் உளி பட்டதும் சீவல் சுருள் சுருளாகப் பறந்தது. வடிவம் வந்தபின் உப்புத்தாள் தேய்ப்பு. பிறகு நிறம் கலந்த அரக்குக் குச்சியை மரத்தில் அழுத்திப் பிடித்தார். உராய்ந்த சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பற்றியது. கடைசியில் தாழை ஓலையை மடித்து வைத்து அழுத்த, திட்டுத்திட்டாக இருந்த மஞ்சள் பரவிப் பளபளத்தது.

தோழி அலங்காரத்துக்காக ஒரு மில்லிமீட்டர் பள்ளம் வரைந்திருந்தாள். “இதுக்குள்ள அரக்கு எப்படிப் போகும்?” என்றார் பாய். பள்ளம் அகலமானது. தண்டில் வளையங்கள் ஓடுவதற்கு அவள் விட்டிருந்த இடைவெளியையும் கூட்டச் சொன்னார். திரைக்குள் மரம் எப்பக்கமும் ஒரே மாதிரி. நிஜ மரமோ ஈரப்பதத்துக்கேற்ப, நாருக்குக் குறுக்கே கூடிக் குறையும். வட்டத் துளை நாளடைவில் லேசாக நீள்வட்டமாகும். ஒரு விஷயத்தில் மட்டும் தோழி மசியவில்லை. முனைக்குமிழ் எப்போதாவது கழன்றாலும் குழந்தையின் தொண்டைக்குள் போகக் கூடாது. பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் பயன்படும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், குமிழ் அதைவிடப் பெரிதாக இருந்தே ஆகவேண்டும். குமிழைச் சற்றுச் சிறிதாக்கினால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்ற பாய், காரணத்தைச் சொன்னதும் தலையாட்டினார்.

இத்தனை திருத்தங்களும் திரையில் நொடிகளில் முடிந்தன. பட்டறையிலோ ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதிய கட்டை, மீண்டும் கடைசல், மீண்டும் அரக்கு. ஒதுக்கிவைத்த மாதிரிகள் பலகையில் வரிசையாக நின்றன. இங்கே கூலி உருப்படிக் கணக்கு. ஆர்டர் உறுதியானால்தான் காசு. “மாதிரி செஞ்சு காட்டுங்கன்னு நிறைய பேர் கேப்பாங்க. அதுக்கு யாரும் காசு தர்றதில்லை” என்று சாதாரணமாகச் சொன்னார் பாய்.

வடிவமைப்பாளரின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பில் உண்டு. அதே சிந்தனையைக் கையால் செய்பவருக்கு, பொருள் தேறினால் மட்டும் கூலி. பள்ளத்தை அகலமாக்கியதும் துளையைத் தளர்த்தியதும் வடிவமைப்பு இல்லாமல் வேறென்ன? தோழி அன்று எல்லா மாதிரிகளுக்கும் சேர்த்தே பணம் கொடுத்தாள். அதோடு நிற்காமல், தன் விலைப்பட்டியலில் ‘மாதிரிக் கடைசல் கூலி’ என்று தனி வரி ஒன்றையும் சேர்த்துவிட்டாள். இனி அவளிடம் வரும் வாடிக்கையாளர் திருத்தம் கேட்டால், அந்த வரியில் தொகை ஏறும்.