ஒளியை முந்திய அப்பா! - சூரிச்சில் சூரியன் முதல் புளூட்டோ வரை ஒரு நடை

"ரொம்ப தூரம்மா... இன்னொரு தடவை எல்லாம் என்னால வர முடியாது."

சூரிச்சில் இறங்கிய நாளிலிருந்து அப்பா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதெல்லாம் அக்கா பேச்சை மாற்றுவாள். அம்மா போன பிறகு அப்பா கும்பகோணத்தில் தனியாகத்தான் இருக்கிறார். வருடத்தில் சில மாதங்களாவது இங்கே வந்து இருக்கட்டும் என்பது அக்காவின் ஆசை. அப்பாவுக்கோ முட்டிவலி, விமானப் பயணம் என்றால் பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவின் ஏழு வயது மகள் அறிவித்தாள்: "தாத்தா, இன்னிக்கு நாம புளூட்டோவுக்குப் போறோம்!"

சூரிச் நகரத்தை ஒட்டி ஊட்லிபெர்க் என்று ஒரு மலை இருக்கிறது. உயரம் சுமார் 870 மீட்டர். நகரின் மத்திய ரயில் நிலையத்தில் எஸ்10 ரயிலில் ஏறினால், அரை மணி நேரத்துக்குள் மலை மேலேயே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து ஃபெல்ஸனெக் என்ற இடம் வரை மலை முகட்டிலேயே போகும் நடைபாதைக்குப் பெயர் 'பிளானெட்டன்வெக்'. நம் மொழியில் சொன்னால், கிரகப் பாதை. 1979-ல் அமைத்தது. கட்டணம் கிடையாது.

கணக்கு ரொம்ப எளிது. நிஜ சூரியக் குடும்பத்தை நூறு கோடி மடங்கு சுருக்கியிருக்கிறார்கள். இங்கே ஒரு மீட்டர் என்றால், விண்வெளியில் 10 லட்சம் கி.மீ.!

சுண்டைக்காய் அளவு பூமி

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மஞ்சள் உருண்டையாக நிற்கிறது சூரியன். குறுக்களவு 1.39 மீட்டர். குட்டிப் பெண்ணைவிட உயரம். அங்கிருந்து 58 மீட்டர் நடந்தால் புதன், கொத்தமல்லி விதை அளவுதான். 108 மீட்டரில் வெள்ளி. 150 மீட்டரில் பூமி. அதன் குறுக்களவு 13 மில்லிமீட்டருக்கும் குறைவு.

"இதுவா பூமி? சுண்டைக்காய் மாதிரி இருக்கே!" என்று அப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

இந்த அளவில் நிலாவுக்கும் பூமிக்கும் இடையே 38 சென்டிமீட்டர். ஒரு முழம்கூட இல்லை. ராக்கெட் ஏறி மனிதர்கள் இதுவரை போனது அவ்வளவுதான் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நான் போனில் இன்னொரு கணக்கும் போட்டேன். ஒளி ஒரு விநாடியில் சுமார் 3 லட்சம் கி.மீ. போகும். இந்தப் பாதையில் அது விநாடிக்கு 30 சென்டிமீட்டர்தான். சூரிய வெளிச்சம் பூமிக்கு வர 8 நிமிடம் 20 விநாடி ஆகும். அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு அதே தூரத்தை 4 நிமிடத்தில் கடந்திருந்தார்.

"தாத்தா, நீங்க ஒளியைவிட ஃபாஸ்ட்!" என்று குட்டி கத்தினாள். அதன் பிறகு அப்பாவின் நடையே மாறிவிட்டது.

சனியைத் தாண்டி...

228 மீட்டரில் பட்டாணி அளவு செவ்வாய். அதுவரை கிரகங்கள் மளமளவென்று வந்துகொண்டிருந்தன. அதற்கப்புறம்தான் விஷயமே! வியாழனைப் பார்க்க மேலும் அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். பம்ப்ளிமாஸ் பழம் போல 14 சென்டிமீட்டரில் இருக்கிறது. சனி இன்னும் தள்ளி, 1.4 கி.மீ. தாண்டி. பாடப்புத்தகத்தில் எல்லாக் கிரகங்களையும் ஒரே பக்கத்தில், பக்கத்துப் பக்கத்தில் பார்த்துப் பழகிய நமக்கு இந்த இடைவெளி பெரிய அதிர்ச்சி.

சனிக்கிட்டே அப்பா நின்றுவிட்டார். "உங்க பாட்டியோட பஸ்ல திருநள்ளாறு போனது ஞாபகம் வருது" என்றவர், பேத்திக்கு ஏழரைச் சனியை விளக்கினார். சனி சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் 29 1/2 வருடம். அதை 12 ராசிக்குப் பங்கு போட்டால் ராசிக்கு இரண்டரை வருடம். மூன்று ராசிக்கு ஏழரை.

"உங்க நவகிரகத்துல யுரேனஸ் இல்லையா தாத்தா?"

"அந்தக் காலத்துல கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்ல முடியும்?"

சரியான பதில்தான். வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் பார்த்து யுரேனஸைக் கண்டுபிடித்தது 1781-ல். நெப்டியூன் 1846-ல்.

சனிக்கும் யுரேனஸுக்கும் நடுவில் ஒன்றரை கி.மீ. வெறும் காடு. ஒரு பெஞ்சில் அப்பா உட்கார்ந்துவிட்டார். முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "திரும்பிடலாம்ப்பா, போதும்" என்றாள் அக்கா. அவள் முகம் வாடிப்போயிருந்தது. இடது பக்கம் கீழே சூரிச் ஏரி மின்னியது. தூரத்தில் ஆல்ப்ஸ் மலையின் பனிச் சிகரங்கள். அப்பா பத்து நிமிடம் எதுவும் பேசவில்லை. பிறகு எழுந்தார். "ப்ளூட்டோன்னு குழந்தை சொல்லிட்டா. போய்ப் பார்த்துடுவோம்."

எலுமிச்சம்பழ அளவில் யுரேனஸ், நெப்டியூன். கடைசியாக, சூரியனிலிருந்து 5.9 கி.மீ. தள்ளி, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாகப் புளூட்டோ. 2006-ல் கிரகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாலும், இந்தப் பாதை அதற்கு முந்தையது என்பதால் அதற்கும் இடமுண்டு.

இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய நடை எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆனது. அதனால் என்ன? சூரிய ஒளி புளூட்டோவுக்குப் போக ஐந்தரை மணி நேரம் ஆகுமே!

போக நினைப்பவர்களுக்கு...

பாதை பெரும்பாலும் சமதளம்தான். ஏற்ற இறக்கம் குறைவு. நல்ல ஷூ, தண்ணீர், குளிருக்கு ஒரு ஜாக்கெட் அவசியம். முடியும் இடத்தில் உணவகம் இருக்கிறது. அங்கிருந்து கேபிள் காரில் அட்லிஸ்வில் இறங்கி, ரயிலில் சூரிச் திரும்பிவிடலாம்.

ஏழரை மில்லிமீட்டர்

"அடுத்த நட்சத்திரத்தை எங்கே வெச்சிருக்காங்க?" என்று குட்டி கேட்டாள். கணக்குப் போட்டேன். பக்கத்து நட்சத்திரமான பிராக்ஸிமா சென்டாரி இந்த அளவில் சுமார் 40,000 கி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். அதாவது, பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு இதே மலைக்குத் திரும்பி வரும் தூரம்!

அக்கா என் போனை வாங்கினாள். அவளும் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு அப்பாவிடம் நீட்டினாள். "சென்னைக்கும் சூரிச்சுக்கும் சுமார் 7,500 கிலோமீட்டர்ப்பா. இந்தப் பாதைக் கணக்குல ஏழரை மில்லிமீட்டர். அவ்ளோதான் நம்ம வீட்டுக்கும் என் வீட்டுக்கும்."

"ஏழரையா? இங்கேயும் விடலையா அது!" என்று அப்பா சத்தமாகச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கேபிள் கார் கீழே இறங்க ஆரம்பித்தது. ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலேயே அக்காவிடம் கேட்டார்.

"ஏம்மா, அடுத்த வருஷம் ஏப்ரல்ல இங்கே குளிர் எப்படி இருக்கும்?"