சாரதி இல்லாத கார்: ஹக்கர் மட்டும்தானா பயம்?

சாரதி இல்லாத கார் பற்றிக் கதைச்சால் முதல் வாற கேள்வி, "அதை ஹக் பண்ணினா?" என்பதுதான். நியாயமான கேள்வி. வெறும் கற்பனையும் இல்லை.

2015 இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியை, பத்து மைல் தள்ளி வீட்டில் இருந்துகொண்டே லப்டொப்பால் பிடித்தார்கள். உள்ளே இருந்தவர் 'வயர்ட்' சஞ்சிகை நிருபர், தெரிஞ்சுதான் ஏறினவர். ஏசி தானாகக் கூடிச்சு, ரேடியோ அலறிச்சு, வைப்பர் ஆடிச்சு. பிறகு அதிவேக வீதியில் வைத்து அக்சிலரேற்றர் வேலை செய்யாமல் போனது. பின்னால லொறி வருது!

இத்தனைக்கும் அது சாரதி ஓட்டுற சாதாரணக் கார். ஓட்டை எங்க இருந்தது தெரியுமோ? பாட்டுக் கேட்க, வழி பார்க்க என்று முன்னால் பூட்டியிருக்கிற, இணையத்தோடு இணைஞ்ச அந்தத் திரையில். அதுக்குள்ளால நுழைந்து எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் கட்டளை போகிற வலையமைப்பு வரைக்கும் போய்விட்டார்கள். அந்த மாதமே கொம்பனி 14 இலட்சம் வாகனங்களைத் திருத்தத்துக்குத் திருப்பி அழைத்தது. ஓட்டையை அடைச்சாச்சு. அடுத்த ஓட்டை வரும், அதையும் அடைப்பினம்.

நான் சைக்கிளில் திரியிற ஆள். காருக்குள்ள இருக்கிறவையின்ர பயத்தை விட வெளியில நிக்கிறவையின்ர பயம்தான் எனக்கு விளங்குது. அதால எனக்குப் பெரிய கதை ஜீப் இல்லை, 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில் நடந்தது. இரவு பத்து மணியளவில் ஒரு பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்தார். ஊபரின் பரிசோதனைக் கார் மோதி இறந்துபோனார். யாரும் ஹக் பண்ணேல்லை.

மோதுவதற்கு 5.6 செக்கன் முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது என்கிறது விசாரணை அறிக்கை. ஒருக்கா வாகனம், ஒருக்கா வேறு ஏதோ, ஒருக்கா சைக்கிள் என்று மாத்தி மாத்தி நினைச்சிருக்கு. ஒவ்வொரு தரமும் மாத்தேக்க, அதுக்கு முதல் அவர் எங்க நிண்டவர் என்ற கணக்கையும் விட்டிட்டுது. மனிசர் என்று ஒருக்காலும் நினைக்கேல்லை. கடவை இல்லாத இடத்திலும் ஆக்கள் றோட்டைக் கடப்பினம் என்ற விசயமே அந்த மென்பொருளில் இல்லை. எங்கட ஊரில வேற எப்பிடிக் கடக்கிறது, சொல்லுங்கோ? அந்த வொல்வோ காரில் ஏற்கெனவே இருந்த அவசர பிரேக் வசதியையும், தங்கட கணினி ஓட்டேக்க வேலை செய்யாதபடி நிப்பாட்டி வைச்சிருந்தது ஊபர்.

காரைக் கண்காணிக்க உள்ளே ஒரு சாரதியும் இருந்தார். அவர் போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். பிழைதான். 2023 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். ஊபர் மேல் குற்ற வழக்கே போடப்படவில்லை. மென்பொருளை எழுதினவையோ, பிரேக்கை நிப்பாட்டச் சொன்னவையோ ஒருத்தரும் கூண்டில ஏறேல்லை.