பட்டா இல்லாத வீடுகள்

திண்டிவனத்தில் புதுச்சேரி பஸ் ஏறினால் கூட்டத்துக்கு நடுவே ஒரு வெளிநாட்டு முகமாவது அநேகமாகத் தென்படும். முதுகில் பெரிய பை, காலில் செம்மண் படிந்த செருப்பு. நடத்துநர் ஊர் கேட்பதில்லை. "திருச்சிற்றம்பலம் கூட்ரோடுதான?" என்றபடியே டிக்கெட்டைக் கிழித்து நீட்டுகிறார். கிளியனூர் கடந்து கூட்ரோட்டில் இறங்கினால் ஆட்டோக்காரர்களும் அப்படித்தான். பையைப் பார்த்தாலே வழி தெரிந்துவிடுகிறது. விழுப்புரத்திலிருந்து வருகிறவர்களுக்கு வளவனூர், கண்டமங்கலம் வழியாகப் புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து வடக்கே திரும்பிவரும் சுற்று.

எல்லோரும் பாண்டிச்சேரிக் கணக்கில் எழுதிவிடும் ஆரோவில், பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. வானூர்க்காரர்களுக்கு இது பழகிப்போன வருத்தம். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த மண்ணைத் தாமரை மொட்டு வடிவச் சலவைக்கல் தாழியில் இட்டுத் தொடங்கிய ஊர் இது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ஸ்ரீ அன்னை நினைத்தது 50,000 பேருக்கான நகரம். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர் அதை ஒரு விண்மீன் சுழல் போல வரைந்து கொடுத்தார். இன்று இருப்பவர்கள் சுமார் 3,300 பேர். ஏறத்தாழ 60 நாட்டுக்காரர்கள். பாதிக்குச் சற்றுக் குறைவாக இந்தியர்கள், அடுத்து பிரெஞ்சுக்காரர்கள், ஜெர்மானியர்கள். திட்டத்தின் வரைபடத்துக்குள்ளேயே குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, கோட்டக்கரை, ஆலங்குப்பம் என்று பழைய ஊர்களும் அவற்றின் முந்திரித் தோப்புகளும் ஏரிகளும் இருக்கின்றன. ஐம்பதாயிரம் பேர் ஏன் வரவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வந்தவர்களுக்கே வீடு போதவில்லை என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

முதலில் வந்தவர்கள் எப்படிக் குடியிருந்தார்கள் என்பதே ஒரு கதை. அன்று இந்த மேட்டுநிலத்தில் பனையும் முள்ளும் தவிர நிழல் கிடையாது. மழை பெய்தால் மண் கரைந்து, ஓடைகள் செம்பள்ளங்களாக வெட்டிக்கொண்டு கடலுக்கு ஓடும். பாரிஸிலிருந்து தரைவழியே வண்டி ஓட்டிக்கொண்டு வந்த இளைஞர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் கட்டிக்கொடுத்தது கீற்றுக் கொட்டகைதான். அவர்கள் தங்கிய ஆஸ்பிரேஷன் குடியிருப்பு இப்போதும் அதே பெயரில் குயிலாப்பாளையத்தை ஒட்டி இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த புதுமை கேப்ஸ்யூல். கருங்கல் கால்களின் மேல் சவுக்குக் கழிகளைத் தென்னங்கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே கீற்று வேய்ந்த ஒற்றை அறை. ஒரு பாய், ஒரு கொசுவலை, ஒரு டிரங்குப் பெட்டி. அதற்கு மேல் வைக்க இடமில்லை. ஏறிப்போக மூங்கில் ஏணி. ஆணியே கிடையாது, எல்லாம் முடிச்சு. காலுக்குக் கருங்கல் வைத்தது அழகுக்காக அல்ல, கரையானுக்காக. சவுக்கு மண்ணைத் தொட்டால் ஒரு மழைக்காலத்தில் உள்ளே பொடிப்பொடியாகிவிடும். கீற்றை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். இதையெல்லாம் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் வேலி கட்டியும் கூரை வேய்ந்தும் பிழைத்த கிராமத்துக் கைகள். கட்டடக் கலைப் புத்தகங்களில் அவர்கள் பெயர் இல்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது, நாற்பது ஆண்டுகளாக வளர்த்த காட்டில் ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. கூரை வீட்டுக்காரர்கள் கான்கிரீட்டுக்காரர் வீட்டில் போய்ப் படுத்தார்கள்.

கான்கிரீட்டுக்கு மாற்றாக இங்கே வேர் பிடித்தது மண்கல். காலடியில் உள்ள செம்மண்ணைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் அழுத்து இயந்திரத்தில் போட்டு அமுக்கினால் கல் தயார். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். நிழலில் வைத்துச் சில வாரம் தண்ணீர் தெளித்தால் போதும். ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் இதைப் பாடமாகவே நடத்துகிறது. தோண்டிய பள்ளம் வீணாவதில்லை, மழைநீர்க் குட்டையாகிவிடும். விகாஸ் என்ற அடுக்குக் குடியிருப்பு மாடிமேல் மாடியாக இந்தக் கல்லிலேயே எழுந்தது. சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால் வித்தியாசம் உடம்புக்கே தெரிகிறது.

வீடு கட்டிக்கொள்ளலாம், பணம் போடலாம், தரை ஓடு எந்த நிறமென்று தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வீடு உங்களுடையது அல்ல. 1988-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய ஆரோவில் ஃபவுண்டேஷன் சட்டப்படி நிலமும் கட்டடமும் அறக்கட்டளைக்குச் சொந்தம். கட்டப் போட்ட பணம் நன்கொடைக் கணக்கில் போய்விடும். விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. ஊரை விட்டுப் போனால் சாவியை வீட்டுவசதிக் குழுவிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். ஒரு சென்ட் நிலத்துக்காகக் கோர்ட்டுக்கு நடையாய் நடக்கும் நம் ஊர்ச் சூழலில் இதைக் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு "அப்ப என்னத்துக்குக் கட்டறாங்க?" என்பார்கள். நியாயமான கேள்வி. இங்கே நெடுநாள் இருப்பவர்கள் அதற்குச் சொல்லும் பதில்கள் அழகானவைதான். ஆனால் எழுபது வயதுக்கு மேல் முட்டி வலியோடு மாடிவீட்டில் தனியாக இருக்கிறவருக்கு அவை எந்த அளவு ஆறுதல் என்பது சந்தேகமே.

புதிதாக வருகிறவருக்கு உடனே வீடு கிடைக்காது. விருந்தினராகச் சில மாதம், பிறகு 'நியூகமர்' என்ற நிலையில் ஓராண்டு அளவுக்கு. அதுவரை யாராவது கோடைக்கு ஐரோப்பா போனால் அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டு, நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நாளைத் தள்ளுவார்கள். அதுவும் கிடைக்காதபோது வருமிடம் குயிலாப்பாளையம் கடைத்தெரு.

அங்கே ஒரு மாடிவீடு. கீழே உரிமையாளர் அம்மா, மேலே ஐரோப்பாவிலிருந்து வந்த முப்பது வயதுப் பெண். உரிமையாளரின் கணவர் முன்பு ஆரோவில் தோட்டமொன்றில் வேலை பார்த்தவர். பெரியவர்கள் காலத்தில் நிலம் போய், மிஞ்சியது ஐந்து சென்ட். அதில் முதலில் ஓட்டுவீடு, அப்புறம் தளம், அப்புறம் வாடகைக்கென்றே ஒரு மாடி. மாடியில் மட்டும் வெஸ்டர்ன் டாய்லெட், கொசுவலை அடித்த ஜன்னல், கீழ்வீட்டில் இல்லாத வாட்டர் ஹீட்டர். காலை ஏழு மணிக்கு மேலிருந்து குரல் வருகிறது: "அக்கா, தண்ணி வரல." வாசலில் கோலத்தை முடித்துக்கொண்டிருக்கும் அம்மா நிமிராமலேயே, "கரண்ட் இல்ல பாப்பா, வந்ததும் மோட்டார் போடறேன்" என்கிறார். பாப்பாவும் சரியென்று குடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவருகிறார். இந்த இருவருக்கும் இடையே ஒப்பந்தப் பத்திரம் இருந்தாலும் வாழ்க்கை இந்த இரண்டு வரியில்தான் ஓடுகிறது.

பத்திரம் வேண்டாமென்று இருக்கவும் முடியாது. வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் எவரும் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தரவேண்டும். 'சி ஃபாரம்' என்றால் இந்தப் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். அம்மாவின் கல்லூரி படிக்கும் மகன் அதை மொபைலிலேயே ஏற்றிவிடுகிறான். 2017-இல் தமிழ்நாடு கொண்டுவந்த வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. ஊர் வழக்கமோ பத்து மாதம். பேரம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ முடிகிறது. வெள்ளைத் தோலுக்கு ஒரு வாடகை, கூட்டேரிப்பட்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துக்கு ஒரு வாடகை என்பதும் ரகசியம் அல்ல. இதனால் உள்ளூரில் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போக நினைக்கிற பிள்ளைகள் கோட்டக்குப்பம் பக்கம் தள்ளிப்போகிறார்கள். மத்திய அமெரிக்காவிலும் வெளியூர்க்காரர் வந்து வாடகை ஏறும் முறையீடு இப்படியே கேட்கிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பனாமாவில் மாதம் 1,000 டாலர் ஓய்வூதியம் காட்டினால் தங்க உரிமை கிடைக்கும், வீட்டைத் தன் பெயரிலேயே வாங்கலாம். இங்கே சுற்றுலா விசாவில் வந்தவர் ஒரு செங்கல்லுக்கும் உரிமையாளராக முடியாது.

நாள் முழுக்க ஊரை இயக்குவது மொபெட். டிவிஎஸ்ஸின் புட்புட் சத்தம் இல்லாமல் ஆரோவில் பாதை இல்லை. பிரெஞ்சுப் பாட்டி, தமிழ் மேஸ்திரி, பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அதே வண்டியில் அதே செம்புழுதியில். மதியம் சோலார் கிச்சனில் ஆயிரம் பேர் அளவுக்குச் சாப்பாடு. மாடியில் 15 மீட்டர் குறுக்களவுள்ள கிண்ணம் போன்ற ஆடிப்பரப்பு வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்குகிறது. மேகம் மூடினால் கொதிகலனை வேறு எரிபொருளில் ஓட்டுவார்கள். உள்ளே பணம் கைமாறுவதில்லை, கணக்கில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் பால், கீரை, பஞ்சர், சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் குயிலாப்பாளையத்துக்கு வந்தாகவேண்டும், அங்கே ரொக்கமோ ஜிபேயோ.

ஆரோவிலை ஒட்டிய இரும்பை மாகாளேசுவரர் கோயிலில் மூன்றாகப் பிளந்து செப்புப் பட்டையால் கட்டப்பட்ட லிங்கத்தைக் காட்டிக் கடுவெளிச் சித்தர் கதையைச் சொல்வார்கள். அவர் சாபத்தால் நிலம் பாலையானதாம். தூரதேசத்தார் வந்து மீண்டும் பச்சையாக்குவார்கள் என்பது சாப விமோசனமாம். ஆரோவில்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை இது. ஊர்ப் பெரியவர்கள் கதையைச் சொல்லிவிட்டு, மரம் நட்ட கூலியில் பாதிக்கு மேல் தங்கள் ஊர்ப் பெண்கள் வாங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

ஆனால் தூரதேசத்தார் என்றால் அவர்கள் மட்டும்தானா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொம்மையார்பாளையத்திலிருந்து காலாப்பட்டு தாண்டி வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலும் அதன் பழங்காடும் பேர்போனவை. பக்கத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம். 1983 ஜூலைக்குப் பிறகு படகேறி வந்தவர்களுக்காகத் தமிழ்நாடு முழுக்க அமைத்த நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஒன்று. சட்டத்தின் பார்வையில் இவர்களும் வெளிநாட்டவர்கள்தான். ஆரோவில்காரர் மத்திய அரசின் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவதைப் போல இவர்களுக்குக் கியூ பிராஞ்ச் போலீஸின் கணக்கெடுப்பு. வேறு ஊர் போய்த் தங்க அனுமதி வேண்டும். வீடு இவர்களுடையதும் அல்ல, அரசுடையது. பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை படுத்த முகாம்கள் உண்டு. நடுவில் புடவையைக் கட்டித் தடுத்து, அதற்கு அந்தப் பக்கம் புதுமணத் தம்பதி.

2021 ஆகஸ்டில் அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. பழுதடைந்த 7,469 வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டித்தருவது அதில் பெரும்பங்கு. குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,000-லிருந்து 1,500 ரூபாயானது. 'அகதிகள் முகாம்' என்பது 'மறுவாழ்வு முகாம்' ஆனதும் அப்போதுதான். பெயர்ப்பலகை மாறியதைவிடத் தனித்தனிக் கழிப்பறை வந்ததே பெண்களுக்குப் பெரிய மாற்றம்.

இதற்கும் வடக்கே மரக்காணம், உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. அந்த நூல் பாடும் நல்லியக்கோடனின் கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. வறுமையோடு வரும் பாணனுக்கு அந்தப் பாட்டு எந்த ஊரில் சுட்ட மீன், எந்த ஊரில் நண்டோடு வெண்சோறு என்று வழிநெடுகச் சொல்கிறது. வீடு எங்கே கிடைக்கும் என்று சொல்லவில்லை. பாணன் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுவான் என்று புலவருக்குத் தெரியும்.

திரும்பாதவர்களின் பிள்ளைகள்தான் சிக்கல். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன். அதற்குப் பின் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் தரும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அந்த 1987 ஜூலையைத் தாண்டிப் பிறந்திருந்தால் கதை வேறு. ஆரோவில் மரத்தடியில் பிறந்து, குயிலாப்பாளையத்துத் தமிழ் பேசி வளர்ந்த பிரெஞ்சுப் பிள்ளைக்கும் இதே விதிதான். ஆனால் அவர் கையில் இன்னொரு பாஸ்போர்ட் இருக்கிறது, போய் இறங்க ஒரு விமான நிலையமும் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் விசா பரிந்துரை மறுக்கப்பட்டு நெடுநாள் குடியிருந்த சிலர் கிளம்ப நேர்ந்தபோது ஆரோவில்காரர்கள் முதல்முறையாக அந்தப் பயத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். நகரத் திட்டத்தின் வட்டச் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்கள் விழுந்ததும், பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் நீக்கியதும் அந்தக் கலக்கத்தின் இன்னொரு பக்கம்.

முகாமில் ஆண்கள் பலருக்குப் பெயின்ட் வேலை. முப்பதைக் கடந்த ஒருவர் இங்கேயே பிறந்தவர். யாழ்ப்பாணத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். பொம்மையார்பாளையத்தில் வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடும் ஒரு வீட்டுக்கு அண்மையில் வண்ணமடித்தார். உரிமையாளருக்கு வெள்ளையும் நீலமும். குடிவரும் அம்மாவோ சுண்ணாம்பு போதும், பெயின்ட் வாசனை ஆகாது என்றாராம். "சுண்ணாம்பெண்டா ரெண்டு வரியத்துக்கு ஒருக்கா அடிக்கோணும் அண்ணே, எங்களுக்கு நல்லதுதானே" என்கிறார். அடுத்து இடையஞ்சாவடியில் ஒரு மாடி ஒப்புக்கொண்டிருக்கிறார். காலை ஆறரைக்கு மேஸ்திரியின் வண்டி ரோட்டுக்கு வரும். மாலையில் முகாம் கணக்கெடுப்பு உள்ள நாளென்றால் நாலு மணிக்கே பிரஷ்ஷைக் கழுவிவிடவேண்டும்; அன்றைக்கு அரை நாள் கூலிதான்.